செயற்கைச் சிறுநீரகமும் சுழல் இணைப்பும்

1943-ஆம் ஆண்டில், ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த ஹாலந்து நாட்டில், காம்பன் என்னும் சிறு நகரத்து மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், மரச்சட்டங்களாலான பெரிய உருளை ஒன்றைச் செய்வித்தார். இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்டு வந்த செல்லோபேன் குழாயை, ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்திற்கு அதன்மீது சுற்றினார். உருளையின் அடிப்பாகம் உப்புநீர்த் தொட்டியில் அமிழ்ந்திருந்தது. உருளை சுழலச் சுழல, குழாயினுள் ஓடிய இரத்தத்தின் கழிவுப் பொருள்கள் சவ்வைக் கடந்து நீரிற் கலந்தன. செயற்கைச் சிறுநீரகத்தின் தொடக்க கால வடிவங்களுள் இஃது ஒன்று.

இதில் ஓர் இயந்திரச் சிக்கல் இருந்தது. உருளையோ சுழல்கிறது, நோயாளியோ அசையாமற் படுத்திருக்கிறார். அசையாத குழாயிலிருந்து சுழலும் குழாய்க்கு, ஒரு துளியும் கசியாமல் இரத்தத்தைக் கொண்டு செல்வது எப்படி? இதற்கான விடை கோல்ஃபுக்கு மருத்துவ நூல்களிற் கிடைக்கவில்லை. ஃபோர்டு மோட்டார் வண்டியின் தண்ணீர்ப் பம்பிலே கிடைத்தது. சுழலும் தண்டைச் சுற்றி நீர் ஒழுகாமல் தடுக்கும் அப்பம்பின் அமைப்பைத் தழுவியே அவர் தம் கருவியின் இணைப்பை அமைத்துக்கொண்டார். 1945-ஆம் ஆண்டில், அவருடைய பதினேழாவது நோயாளியான 67 வயது மூதாட்டி இக்கருவியால் நினைவு திரும்பிப் பிழைத்தெழுந்தார்.

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், வாரத்தில் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேர அளவில், இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருவோர் நம் உற்றார் உறவினரிலேயே பலர் உளர். அவர்கள் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் ஒரு முழ நீளம்கூட இல்லாத கண்ணாடி போன்ற குழாய் ஒன்று செருகப்பட்டிருக்கும். கோல்ஃபின் பெரிய உருளை செய்த வேலையை இன்று செய்வது அதுதான். அதனுள் சுமார் 10,000 நுண்ணிழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் நடுவே துளையுடைய குழல். துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஓர் இழையின் நீளம் 25 செண்டிமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், எல்லா இழைகளின் உட்பரப்பும் சேர்ந்து ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேலாகும். ஒரு மேசையை மூடக்கூடிய சவ்வு கைக்குள் அடங்கிவிட்டது! 1960-களில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டூவர்ட் என்ற மருத்துவரும் டவ் கெமிக்கல் நிறுவனத்தாரும் இம்முறையை உருவாக்கினர்.

இதயச் சத்திர சிகிச்சையின்போது நுரையீரலின் தொழிலைச் செய்யும் கருவியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதில் பெரும்பாலும் காற்று இழையினுள்ளும் இரத்தம் இழைகளுக்கு வெளியிலும் செல்லும். அத்தகைய கருவிகள் சிலவற்றில், நடு உருளை ஒன்றின்மேல் இழையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகின்றனர். தையல் இயந்திரத்தின் பாபினில் நூல் சுற்றுவதைக் கண்டவர்கள் இதை ஒருவாறு கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் பாபினில் நூல் சற்று ஏறுமாறாக விழுந்தால் நட்டம் ஒன்றுமில்லை. இங்கோ அப்படியன்று. இழைகளுக்கிடையே ஓரிடத்தில் இடைவெளி மிகுந்தால், இரத்தம் எளிய வழியைத் தேடி அவ்விடத்திலே பாய்ந்துவிடும். பிராணவாயுவைப் போதிய அளவு பெறாமலே நோயாளியிடம் திரும்பும். இழை மிகையாக இழுக்கப்பட்டாலோ துளை சுருங்கும். குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லும் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது பௌதிக விதி. அறுந்த இழையின் கேட்டைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே இழையைச் சுற்றும் இயந்திரம் ஒரே சீராகச் சுழல வேண்டும். நல்ல மோட்டாரை வாங்கிவிட்டால் இது தானே அமைந்துவிடும் என்று பலர் எண்ணுவர். மோட்டாரின் தண்டையும் உருளையின் தண்டையும் சேர்க்கும் சிறு உறுப்பை, அதாவது பட்டறைகளில் ‘கப்ளிங்’ என வழங்கும் இணைப்பை, எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. என் கருத்தில், கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய இடம் அதுவே. இரு தண்டுகளும் மயிரிழையும் பிசகாமல் நேர்க்கோட்டில் நிற்பது நடைமுறையில் இல்லை. ஒன்று சற்றுத் தாழ்ந்திருக்கும், அல்லது சாய்ந்திருக்கும். இப்பிசகுக்கு இணைப்பு வளைந்து கொடுக்க வேண்டும். ஆயினும் சுழற்சியில் சிறிதும் நெகிழக் கூடாது. முரண்பட்ட இவ்விரு குணங்களையும் ஒரே பொருளில் அமைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

லாரியின் அடியில் நீண்ட தண்டின் நுனியிலே சிலுவை போன்ற துண்டுடன் கூடிய யுனிவர்சல் ஜாயிண்டை வாசகர்கள் கண்டிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் இது ஹூக் இணைப்பு என்றும் வழங்கும். எவ்வளவு சாய்வையும் தாங்குமென்று தோன்றும் இவ்விணைப்பில் ஒரு மறைவான குற்றம் உண்டு. தண்டுகளுக்கிடையே 10 பாகைச் சாய்வு இருக்கட்டும். ஓட்டும் தண்டு நிமிடத்திற்கு 300 சுற்று என ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஓட்டப்படும் தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 304.6-க்கு ஏறி, இருமுறை 295.4-க்கு இறங்கும். அதாவது வினாடிக்குப் பத்து முறை இழை சுண்டப்பட்டுத் தளர்கிறது. இழையை ஏந்தி நிற்கும் விறைப்புக் கை சாதாரணமாக இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அக்கையின் இயற்கையான ஆட்டமும் வினாடிக்குப் பத்தாக அமைந்துவிடின், ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு சுண்டலும் அதனை மேன்மேலும் ஆட்டிவிடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் இழை அறுந்து, வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அறாமல் ஓடுமாயின், முதலில் ஐயுறத் தக்க காரணங்களுள் இஃது ஒன்று.

சம சாய்வுடைய இரு இணைப்புகளை ஓர் இடைத்தண்டால் சேர்த்தால், ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடு செய்யும். இடைத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்பது இதற்கு இன்றியமையாதது. தண்டைக் கழற்றிய மெக்கானிக் திரும்ப மாட்டும்போது கவையைத் திருப்பிப் போட்டுவிட்டால், குற்றம் நீங்குவதற்குப் பதிலாக இரட்டிப்பாகும். தண்டுகள் சாயாமல், இணையாக விலகி மட்டும் நின்றால், அயர்லாந்துப் பொறியாளர் ஜான் ஓல்டாம் கண்ட மூன்று தட்டு இணைப்பு சாலவும் ஏற்றது. நடுத்தட்டு இருபுறமும் செங்குத்தான பள்ளங்களில் வழுக்கிக்கொண்டு, வேகத்தைச் சற்றும் மாற்றாமல் கடத்துகிறது. ஆயினும் வழுக்கும் பொருள் தேயும். தேய்ந்தால் பட்டறையினர் ‘ப்ளே’ என்று சொல்லும் ஆட்டம் புகுந்துவிடும்.

ஆட்டத்தின் தீமை உருளையைவிட, இழையை இடமும் வலமும் இட்டுச் செல்லும் வழிகாட்டியிலே மிகுதி. உருளை ஒரே திசையிற் சுழல்கிறது; வழிகாட்டியோ ஒவ்வொரு நுனியிலும் திரும்ப வேண்டும். அதனை நகர்த்தும் திருகுதண்டு ஒரு சுற்றுக்கு 20 மில்லிமீட்டர் நகர்த்துவதாகவும், இணைப்பில் 3 பாகை ஆட்டம் இருப்பதாகவும் கொள்வோம். திரும்பும்போதெல்லாம் இழை சுமார் 0.17 மில்லிமீட்டர் பிந்தி விழும். இழையின் பருமனே 0.3 மில்லிமீட்டர் அளவுதான்! இக்காலத்தில் வழிகாட்டிக்குத் தனி மோட்டார் வைத்து, இரண்டின் வேக விகிதத்தையும் கம்ப்யூட்டர் காக்கிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்து வரப்புக் கட்டாமலிருக்க, அவ்விகிதத்தை முழு எண்ணுக்குச் சற்று விலக்கியே வைப்பர். எனினும் கம்ப்யூட்டர் அறிவது பெரும்பாலும் மோட்டார் நிற்கும் நிலையை. இணைப்புக்கு அப்பால் இழை விழும் இடத்தை அன்று.

எனவேதான் இத்தகைய இடங்களில் துருத்தி போல் மடிப்பு மடிப்பான மெல்லிய எஃகுக் குழாயினால் ஆன இணைப்பை விரும்புகின்றனர். அது பக்கவாட்டில் வளையும். முறுக்கத்திற்கு எளிதில் இணங்காது. உரசும் பகுதி இல்லாமையால் ஆட்டமும் தோன்றாது. ஆனால் தாங்கும் பிசகு மிகச் சிறிதே. அளவு மீறினால் மடிப்பில் வெடிப்புக் காணும். நடுவில் ரப்பர் வைத்த இணைப்பு மலிவானது, அதிர்ச்சியை விழுங்குவது, பம்புகளுக்கு நல்லது. வழிகாட்டிக்கு அதைப் பொருத்துவது சிக்கனமாகாது.

சுற்றி முடித்த உருளையைக் கழற்றும் முனையிலும் ஓர் இணைப்பு உண்டு. தொழிலாளி ஒரு கையால் இழுத்தவுடன் அது விடுபட வேண்டும்; விடுபடுமுன் உருளை பின்னோக்கிச் சுழன்றால் மேலடுக்கு இழைகள் தளர்ந்து சரிந்துவிடும். ஆதலால் அங்கே பற்களை ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் வெட்டாமல், இருபக்கமும் சமச் சரிவாக வெட்டி வில்லினால் அழுத்தி வைக்கின்றனர். அவ்வாறு செய்தால் பல் பள்ளத்தில் இறுகப் படிந்து, இரு திசையிலும் ஆட்டமற்று நிற்கும்.