மௌக்லிக்கு வாய்த்தது, சனிச்சருக்கு வாய்க்காதது

ஓநாய் வளர்த்த பிள்ளை என்றதும் பலருக்கும் டிஸ்னியின் 1967 படம்தான் நினைவுக்கு வரும். கரடியோடு ஆடிப் பாடும் அந்தச் சிறுவனை ஒதுக்கிவைத்துவிட்டு ருட்யார்ட் கிப்ளிங் எழுதியதைப் படித்தால் அது வேறு உலகம். பம்பாயில் பிறந்த கிப்ளிங், அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனி கொட்டும் குளிர்காலத்தில் உட்கார்ந்து மத்திய இந்தியாவின் சியோனி காட்டை எழுதத் தொடங்கினார். 1894-இல் 'ஜங்கிள் புக்' வந்தது; மறு ஆண்டே இரண்டாம் புத்தகம். நாவல் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம், உண்மையில் இரண்டும் கதைத் தொகுப்புகள். மொத்தம் 15 கதைகளில் எட்டில்தான் மௌக்லி வருகிறான்.

அந்த எட்டில் என் மனசை விட்டு அகலாதது, புலி ஷேர்கான் சாகும் கதை. ஓநாய்க் கூட்டம் கைவிட்ட பிறகு மௌக்லி ஊருக்குள் வருகிறான். புலி தூக்கிப்போன தன் மகனாக இருக்குமோ என்று மெஸுவா அவனை வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாலும் ரொட்டியும் கொடுக்கிறாள். அவள் ஒரு சொல்லைச் சொன்னதும் அவன் அப்படியே திருப்பிச் சொல்கிறான். பொழுது சாய்வதற்குள் குடிசையில் இருக்கும் பல பொருள்களின் பெயர் அவன் நாவில் வந்துவிடுகிறது. ஆனால், கூரைக்கு அடியில் தூக்கம் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியேறி வயலோரப் புல்லில் படுக்கிறான். சாதி என்று ஒன்று இருப்பதும் அவனுக்குத் தெரியாது. குயவரின் கழுதை களிமண் குழியில் விழுந்தால் வாலைப் பிடித்து இழுத்துக் கரையேற்றுகிறான், பானைகளை அடுக்கிக்கொடுக்கிறான். கண்டிக்க வந்த பூசாரியையும் கழுதைமேல் ஏற்றிவிடுவதாக மிரட்டுகிறான்! கடைசியில் அந்த ஊர் அவனைச் சூனியக்காரன் என்று கல்லெறிந்து விரட்டுகிறது. அதற்குள் எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் இருந்தது.

நிஜத்தில் அகப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வாய்தான் இல்லை. வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒடுக்கியதாகப் பெயர்பெற்ற வில்லியம் ஸ்லீமன், அவத் பகுதியில் ஓநாய்களிடமிருந்து மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1852-இல் வெளிவந்தன. பச்சை மாமிசம் தின்பார்கள், பேச மாட்டார்கள். 1867-இல் புலந்த்ஷகர் பக்கம் வேட்டைக்காரர்கள் பிடித்த சிறுவனை ஆக்ராவுக்கு அருகில் சிகந்தராவில் இருந்த மிஷன் அநாதை இல்லத்தில் விட்டார்கள். சனிக்கிழமை வந்ததால் தீனா சனிச்சர் என்று பெயர். அங்கேயே வளர்ந்து ஆளானான். உடுத்தப் பழகினான், பேச்சு மட்டும் கடைசிவரை வரவே இல்லை. 1895-இல் இறந்தான், இரண்டாம் ஜங்கிள் புக் வெளியான அதே ஆண்டு.

இவர்களையெல்லாம் ஓநாய்தான் வளர்த்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குப் பலத்த சந்தேகம் உண்டு. 1920-இல் மிட்னாப்பூரில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கமலா, அமலா கதையைக் கட்டுக்கதை என்றே எழுதியிருக்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்து, பெற்றவர்களால் கைவிடப்பட்ட குழந்தைகளாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுவே நம்பும்படியாக இருக்கிறது. அப்படியானால் பழி ஓநாய்மேல் இல்லை, நம்மேல்.

பேச்சு வாய்த்த மௌக்லிக்குக் கிப்ளிங் வைத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜங்கிள் புக்குக்கு முன்பே, 1893-இல் வெளியான 'இன் த ருக்' கதையில் மௌக்லி வளர்ந்த ஆள். காடே அவன் சொல்கேட்கிறது. அவனோ ஆங்கிலேய அரசுக்குக் கீழே சம்பளமும் பென்ஷனும் உள்ள காட்டிலாகாக் காவலனாகச் சேர்கிறான். அதையும் சேர்த்து அச்சிட்ட பதிப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதென்றால் அது இல்லாத பதிப்பைத்தான் தேடி வாங்குவேன்.