டயர் ஏன் மக்குவதில்லை?

மலாக்கா மாநிலத் தமிழர்க்கு இரப்பரின் வாடையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மங்கில் வடிந்த பால் உறைந்து கட்டிப்பாலாகி ஓரிரு நாள் கிடந்தால் எழும் நாற்றம், புலாவ் செபாங் வட்டாரத்தில் பால்மரத்தோடு வாழ்ந்த குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்ததே. பாலிலுள்ள புரதம் முதலிய பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று அழுகச் செய்வதே அதற்குக் காரணம். ஆயின், அதே பால் டயராகிச் சாலையில் தேய்ந்து, செம்பனைக் காட்டோரத்தில் எறியப்பட்ட பின்னர், எத்தனை மழைக்காலம் கடந்தாலும் மக்குவதில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது? இதனை அறிந்தாலன்றிப் பழைய டயரை என்ன செய்யலாம் என்பது விளங்காது.

பதப்படுத்தாத இரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இவ்விரு குறைகளும் நீங்குவதைக் கண்டார். இரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூலிழைகளைப் போன்றவை. கட்டற்ற நிலையில் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கந்தகமோ இழைக்கும் இழைக்கும் இடையே முடிச்சிட்டு, நூற்குவியலை மீன்வலையாக்கி விடுகிறது. வலையை இழுக்கலாம், விட்டால் பழைய நிலைக்கு மீளும், பிரிக்க முடியாது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்ததும், 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக இரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கியதும், பின்னர்த் தமிழர் ஆயிரக்கணக்கில் பால் வெட்ட வந்ததும் எல்லாம் இம்முடிச்சின் விளைவே எனலாம்.

அம்முடிச்சுதான் இன்று தொல்லையும் தருகிறது. டயரில் இயற்கை இரப்பர் மட்டுமின்றிச் செயற்கை இரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி, மூப்பைத் தடுக்கும் மருந்துகள் ஆகியனவும் உண்டு. நுண்ணுயிர்க்கு அது எளிதில் உணவாகாது. மெழுகைப் போல் உருக்கி வேறு அச்சில் வார்க்கலாமோ எனின், அதுவும் இயலாது, உருகாமல் கருகும். குவித்து வைத்தால் தீ அச்சம் வேறு. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் டயர்கள் பற்றி 17 நாள் எரிந்தன.

ஆகவே உருக்காமல் பயன்கொள்ளும் வழிகளே சிறந்தவை. முதலாவது, தேய்ந்த மேற்புறத்தைச் சீவிப் புதுத் தோல் ஒட்டுவது. இங்கே 'செலுப் டயர்' என வழங்குவது இதுவே. லாரி டயர்க்கு இஃது ஏற்றது. உடல் நன்றாயிருந்தால் ஒருமுறைக்கு மேலும் செய்யலாம். செலுப் என்றாலே முகம் சுளிப்போர் உளர். வானூர்தி டயர்களும் அவ்வாறே புதுப்பிக்கப்படுகின்றன என்பதை அவர்கள் அறியார் போலும். அடுத்தது, அரைத்துத் துகளாக்குவது. அத்துகள் சாலைத் தாரிலும், விளையாட்டுத் திடலின் மெத்தைத் தரையிலும் சேர்கிறது. சிமெண்டு ஆலையின் சூளையில் நிலக்கரிக்கு மாற்றாகவும் டயரை எரிக்கின்றனர்.

காற்றுப் புகாத கொப்பரையில் டயரைச் சூடேற்றி எண்ணெய் வடிக்கும் முறையும் உண்டு. எண்ணெய், கரி, கம்பி, ஆவி எனப் பிரித்துக் காட்டும்போது கழிவே இல்லை என்று தோன்றும். தோற்றத்தை நம்பலாகாது, இம்முறையில் நச்சுக் கழிவும் தீய ஆவியும் உண்டு. டயரைப் பதனிடுவோரைக் கண்காணிக்க வேண்டியதன் கட்டாயத்தை 2019 மார்ச்சு மாதம் உணர்த்திற்று. ஜோகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. எழுந்த ஆவியால் முதலில் மூச்சுத் திணறி வாந்தி எடுத்தோருள் அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். பழைய டயர்களைப் பதனிடும் ஆலை ஒன்றின் இயக்குநர்கள் இதன் தொடர்பில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். மறுசுழற்சி என்ற பெயர்ப்பலகை ஒன்றே நற்சான்று ஆகாது.

இவ்வழிகளுள் எதற்கும் போகாமல் வீட்டோரத்திலும் பள்ளித் திடலிலும் தங்கிவிடும் டயர்களே பல. டயரை நிமிர்த்தினாலும் கிடத்தினாலும் உட்குழிவில் நீர் தங்கும். நிழலும் உண்டு, அழுகும் சருகும் உண்டு. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? அதன் முட்டை நீர் வற்றிய பின்னும் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலிக்கொசு குடியேறியிருந்தது கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து சென்ற பழைய டயர்களே அதன் கப்பல் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. மலேசியாவிலோ தம் இடத்தில் கொசு பெருக விடுவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பள்ளிகளில் டயருக்குச் சாயம் பூசிப் பூந்தொட்டியாக்கும் வழக்கம் அழகானதே. ஆனால் விளிம்புவரை மண் நிரப்பாத தொட்டி கொசுத் தொட்டியாகும். வேலியாக நடுவோர் டயரைப் பாதியாய் அறுத்து, வெட்டுவாய் இரண்டும் மண்ணுள் புதைய, வளைவு மேலே தெரிய நடலாம், நீர் நில்லாது. ஊஞ்சலாகத் தொங்கும் டயருக்கு அடிவளைவில் துறப்பணத்தால் நாலைந்து துளையிட்டால் போதும். உள்ளே எஃகுக் கம்பி இருப்பதால் சற்றுப் பொறுமை வேண்டும்.