கடலின் நிறம் எவ்வளவு சொல்லும்?

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையானது. கரையில் பெயின்ட் கரைத்துவிட்டது போன்ற நீர், மணலில் செத்து ஒதுங்கிய மீன்கள். பூங்கோரை என்று அங்கே சொல்லப்படும் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி பெருகிப்போனதன் விளைவு அது. இத்தகைய நிறமாற்றம் 700 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்கும் தெரியும். பாசியின் பச்சையம் நீல ஒளியை விழுங்குகிறது, மிதக்கும் வண்டலோ சிவப்பு ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த ஏற்றத்தாழ்வை அளந்துதான் கணக்குப் போடுகிறார்கள். நுட்பமான கணக்கு, ஏனெனில் கருவிக்கு வந்துசேரும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. கடலுக்குள் போய் மீண்டது மிச்சம்தான்.

சாக்கடைக் கிருமியும் பாதரசமும் நைட்ரேட்டும் நிறம் காட்டாதே, பிறகு இதை வைத்து நீரின் தரத்தை எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றுக்குப் படகில் போய் பாட்டிலில் நீர் மொண்டு வந்து ஆய்வகத்தில் சோதிப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் பாட்டில் சொல்வது அந்த ஓர் இடத்தின், அந்த ஒரு வேளையின் உண்மை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமான தமிழகக் கரையில் எங்கே, எந்த நாளில் மொள்வது என்பதை அதனால் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை ஐந்து நாளுக்கொருமுறை அதே இடத்தை 10 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட நம் இஓஎஸ்-06 கடலின் நிறத்தை 13 அலைவரிசைகளில் பிரித்துப் படிக்கிறது. அதன் பார்வை அகலம், நுணுக்கம் குறைவு: கூவத்தின் முகத்துவாரம் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். எனவே செயற்கைக்கோளைப் பரிசோதகர் என்பதைவிட, பரிசோதகரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் காவல்காரர் என்பதே சரி.

மேகம் இன்னொரு தடை. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் ஊரின் அழுக்கையெல்லாம் கடலில் கொட்டும் அதே வாரங்களில்தான் வானம் மூடிக் கிடக்கிறது. ராடார் மேகத்தை ஊடுருவும். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் காற்றடங்கிய கடலும் கறுப்பாகவே தெரிந்து ஏமாற்றும். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் வேறு குழப்பம்: அடியில் கிடக்கும் கடற்புல்லும் கலங்கிய வண்டலும் பாசியாகக் கணக்கில் ஏறிவிடும். ஆழ்கடலுக்கென்று செய்த சூத்திரம் இங்கே அப்படியே செல்லாது. செயற்கைக்கோள் கடக்கும் அதே நாளில் படகில் போய் மொண்ட நீரோடு ஒப்பிட்டுத்தான் அதைத் திருத்த முடியும். செயற்கைக்கோள் வந்துவிட்டது, படகுச் செலவு எதற்கு என்று கேட்கும் நிர்வாகி இரண்டையுமே கெடுக்கிறார்.

நிறத்தை நம்பிப் படகை விடுவது நம் மீனவர்களுக்குப் புதிதல்ல. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் பச்சையத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் பார்த்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை நெடுங்காலமாக அறிவித்துவருகிறது. அதற்குப் பாசிப்பெருக்கத் தகவல் சேவையும் உண்டு. மீன் தேடப் போதுமான படம், சந்தேகமான ஒரு பச்சைத் திட்டுக்கு மறுநாள் காலை நீர் மொள்ள ஒரு படகை அனுப்பவும் போதும்.