வராத சாப்ட்வேரும், வரும் என்ற பேச்சும்



துவரை விலை ஏறப்போகிறது என்று ஒருவர் போன் செய்தால் நாம் உடனே மூட்டை வாங்கி அடுக்குவதில்லை. சொன்னவர் கையில் துவரை இருப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். ஆனால் "புது சாப்ட்வேர் வருகிறது, பழையது இனி ஓடாது" என்றால் மட்டும் பயந்து பணத்தை நீட்டிவிடுகிறோம். நானும் நீட்டியவன்தான்.

2019 கடைசியில் பில்லிங் புரோகிராம் விற்கும் ஒருவர் என் மண்டிக்கு வந்தார். ஜி.எஸ்.டி.யில் புது ரிட்டர்ன் முறை 2020 ஏப்ரலில் வருகிறது, அதற்கான வெர்ஷனுக்கு இப்போதே பணம் கட்டாவிட்டால் பில்லே போட முடியாது என்றார். முதல் பாதி உண்மை. அரசே அறிவித்திருந்த தேதி அது. இரண்டாவது பாதி அவர் கலந்த சரக்கு. ரிட்டர்ன் வேறு, பில் வேறு. பிரித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தேன். 2020 மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை அக்டோபருக்குத் தள்ளியது. பிறகு பழைய ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி முறையே தொடரும் என்றாகிவிட்டது. என் பணம் ஆண்டுக் கட்டணத்தில் கழிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

தயாரிப்பவரே சொல்லும் தேதியும் உறுதியானதல்ல. மைக்ரோசாப்ட் கம்பெனி முதல் விண்டோஸை 1983 நவம்பரில் அறிவித்தது. 1984-ல் வரும் என்றார்கள். விற்பனைக்கு வந்தது 1985 நவம்பரில்.

யார் சொன்னது என்பதோடு, எந்த முறையில் சொன்னார் என்பதும் முக்கியம். 2015-ல் ஒரு மாநாட்டில் அக்கம்பெனி ஊழியர் ஒருவர் விண்டோஸ் 10 தான் கடைசி என்று பேச்சில் சொன்னார். அதைக் கம்பெனியின் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். கடைக் கணக்குப்பிள்ளை வாய் தவறிச் சொன்ன விலைக்கு முதலாளி பொறுப்பேற்பாரா?

2021 ஜூனில் நடந்தது வேறு மாதிரி. விண்டோஸ் 11 அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பே அதன் ஆரம்பப் பிரதி வெளியே கசிந்தது. பலர் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டே பார்த்தார்கள். இது வாய்ப்பேச்சு அல்ல, கையில் வாங்கிப் பார்த்த சாம்பிள். அதனால் நம்பலாம். ஆனால் சாம்பிளை வைத்து முழு லாட்டையும் மதிப்பிட முடியாதல்லவா! எந்த மிஷினில் ஓடும், எதில் ஓடாது என்ற முழு விவரம் ஜூன் 24 அறிவிப்புக்குப் பிறகுதான் கிடைத்தது. விற்பனைக்கு வந்தது அக்டோபர் 5.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் ஐந்து பேர் ஒரே செய்தியை அனுப்பினால் ஐந்து சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. வரிக்கு வரி ஒன்றாக, எழுத்துப் பிழை உள்படப் பொருந்தினால் அது ஒருவர் வாய்தான். ஒரே தரகர் ஐந்து கடைக்குச் சொன்ன விலை போல.

இப்போது என்னிடம் யார் வந்தாலும் இரண்டே கேள்விதான். என் கம்ப்யூட்டரில் இன்றைக்குப் போட்டுக் காட்ட முடியுமா? சொன்ன தேதிக்கு வராவிட்டால் பணம் திரும்பும் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? பாதிப் பேர் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

வதந்தி அல்லாத ஒரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே கம்பெனி தேதி குறித்துச் சொன்னது இது. கல்லாவில் அந்த மிஷின் இருப்பவர்கள், விண்டோஸ் 12 எப்போது வரும் என்று விசாரிப்பதற்கு முன் இதைக் கவனித்துவிடுங்கள்.