ஏலமும் எண்ணும்



எங்கள் ஊரில் 'ஏலம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மலைச்சரிவில் நிழல்மரங்களின் கீழே விளையும் மணப்பொருள். மற்றொன்று, பலர் கூடி விலை கூறிச் சரக்கை எடுக்கும் முறை. முன்னது இம்மண்ணின் பழஞ்சொல். பின்னது போர்த்துக்கீசியர் வழியே தமிழுக்கு வந்தது என்பர். போடிநாயக்கனூரில் இவ்விரண்டும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. "இன்றைக்கு ஏலத்திலே ஏலம் என்ன விலை?" என்று கேட்பது எங்களுக்கு இயல்பான பேச்சு. கேட்பவரும் தயங்குவதில்லை, விடை சொல்பவரும் தயங்குவதில்லை.

இதே வாக்கியத்தைக் கணிப்பொறியிடம் சொன்னால் அது திகைத்து நின்றுவிடும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது என் தொழில். அத்தொழிலில் ஒரு பெயர் ஓரிடத்தில் ஒரு பொருளையே குறிக்கவேண்டும். எங்கள் ஊர் வணிகர் ஒருவருக்காக நான் முதன்முதலாகக் கணக்கு நிரல் எழுதியபோது, சரக்குக்கும் ஏலம் என்று பெயரிட்டேன். விற்பனைக்கும் ஏலம் என்றே பெயரிட்டேன். சரக்கின் எடை இருக்கவேண்டிய இடத்தில் விற்பனையின் வரிசை எண் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பொறிமேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் பொறி நான் சொன்னதைத்தான் செய்திருந்தது.

என் அன்னை ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பிரிக்கும் வேலை செய்தவர். மலையில் பறித்த பச்சைக்காய் சற்றேறக்குறைய ஐந்து கிலோ இருந்தால், உலர்த்திய பின் ஒரு கிலோ தேறும். அவ்வாறு உலர்ந்து வந்த காயைச் சல்லடையில் இட்டு அளவு பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்குவது முதல் தரம். கீழே விழுந்தது ஏழுக்குப் போகும். அதிலும் விழுந்தது ஆறுக்குப் போகும். பின்னர் நிறம் பார்த்து, வெளுத்த காயையும் வெடித்த காயையும் கையால் பொறுக்கி ஒதுக்குவார்கள். பள்ளி விட்டதும் நான் கிட்டங்கிக்குச் சென்று அன்னையின் அருகில் அமர்ந்திருப்பேன். ஒருநாள், "இந்தக் காய் ஆறுக்கு மேலேதானே இருக்கிறது, அந்த மூட்டையில் போட்டால் என்ன?" என்று கேட்டேன். "போடலாம் ராசா. எட்டையும் ஆறோடு சேர்த்துப் போட்டால் எட்டும் ஆறு விலைக்குத்தான் போகும். பெரிய கேள்வியை முதலில் கேட்கணும்" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி வகுப்பில், நிபந்தனைகளை எந்த வரிசையில் எழுதுவது என்று ஆசிரியர் கரும்பலகையில் விளக்கினார். எனக்கு அது புதிய பாடமாகத் தோன்றவில்லை. 'ஆறுக்கு மேலா?' என்ற வினாவை முதலில் வைத்து, ஆம் என்றவற்றையெல்லாம் ஒரே வழியில் அனுப்பிவிட்டால், 'எட்டுக்கு மேலா?' என்ற வினாவை அக்காய்கள் சந்திப்பதேயில்லை. நிரல் என்பது இத்தகைய வினாக்களின் ஒழுங்கான கோவைதான்.

அக்கோவையை எழுதுவதற்கு மொழி ஒன்று வேண்டும். கணிப்பொறியின் உள்ளே ஓடுவது இருநிலை மின்குறிகளே. அவற்றை ஒன்று, சுழி என்று எழுதுகிறோம். தொடக்கக் காலத்தில் அவ்வெண்களாலேயே கட்டளை எழுதி அலுத்தவர்கள், மனிதர் படிக்கத்தக்க சொற்களில் எழுதி, அதனைப் பொறியே எண்களாகப் பெயர்த்துக்கொள்ளும் வழியைத் தேடினர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. அது கணிதச் சமன்பாடுகளுக்கு ஏற்ற மொழி. கணக்கு வழக்குகளுக்கென்றே 1959-இல் கோபால் என்ற மொழியை ஒரு குழு வகுக்கத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டிய முன்னோடி மொழி கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையாருடையது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 'சி' மொழியை அமைத்தார். 1991-இல் நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம் பைத்தானை வெளியிட்டார். இப்பெயர் மலைப்பாம்பைக் குறித்து வந்ததன்று. ஆங்கில நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது.

இத்தனை மொழிகள் எதற்கு என்று கேட்பீர்கள். போடிக் கடைத்தெருவில் ஒரு நாள் நின்று பாருங்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கும் காதில் விழும். ஒருவரே தோட்டக்காரரிடம் ஒன்றும், வீட்டில் ஒன்றும், ஏலக் கூடத்தில் ஒன்றுமாகப் பேசுவார். வேலைக்குத் தக்க மொழி என்பது எங்களுக்கு வியப்பன்று.

ஆயினும் மொழி மாறினால் பொருளும் சிறிது மாறும். இதை நான் கற்றுக்கொண்ட வகை சற்று வருத்தம் தருவது.

2012-ஆம் ஆண்டு. அப்போது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, சிறு விவசாயிகளிடம் காய் வாங்கும் வணிகர் ஒருவர் தம் கடைக்கு நிரல் எழுதித் தருமாறு கேட்டார். தராசு எடையைக் கிராமில் முழு எண்ணாகத் தரும். அதை ஆயிரத்தால் வகுத்தால் கிலோ. கிலோவை விலையால் பெருக்கினால் தொகை. பைத்தானின் இரண்டாம் பதிப்பில் எழுதினேன். பத்துக் கிலோ, இருபத்தைந்து கிலோ, ஐம்பது கிலோ என்று வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தன. மகிழ்ச்சியோடு பேருந்து ஏறிச் சென்னைக்குப் போய்விட்டேன்.

பதினோராம் நாள் வணிகரிடமிருந்து தொலைபேசி வந்தது. மூதாட்டி ஒருவர் கடைவாயிலை விட்டு நகர மறுக்கிறார் என்றார். அவருக்கு மலைமேல் சிறு துண்டு நிலம் உண்டு. எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். எனினும் ஒவ்வொரு முறையும் எடையைத் தம் பேரனைக் கொண்டு ஒரு சீட்டில் குறித்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். தொலைபேசியை வாங்கி அவரே என்னிடம் பேசினார். "தம்பி, பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் போட்டேன். உன் பெட்டி பன்னிரண்டு என்கிறது. அந்த நானூறு கிராம் அதன் கண்ணுக்குத் தெரியாதோ?"

தெரியாதுதான். அம்மொழியின் இரண்டாம் பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். மீதி ஓசையின்றி மறைந்துவிடும். 12,400-ஐ 1,000-ஆல் வகுத்தால் 12. நான் சோதித்த எடைகளெல்லாம் முழுக் கிலோக்கள் ஆதலால் குறை வெளிப்படவில்லை. கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த மூதாட்டிக்கு ஒரே எடையில் நானூறு ரூபாய் இழப்பு. பதினொரு நாளில் காய் கொண்டுவந்த ஒவ்வொருவரும் தம் கிராம்களை இழந்திருந்தனர். எட்டுக் கிலோ கொண்டுவந்தவருக்கும் எண்பது கிலோ கொண்டுவந்தவருக்கும் இழப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சிறியவரையே அது மிகுதியாகத் தாக்கியது. மற்றவர் எவரும் கேட்கவில்லை. கணிப்பொறி அச்சிட்ட சீட்டு தவறாது என்று எண்ணிவிட்டனர்.

திருத்தம் மிகச் சிறியது. ஆயிரத்துக்குப் பின் ஒரு புள்ளியும் ஒரு சுழியும் இட்டால் போதும். அதனைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். பழைய சீட்டுகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடத்தான் இரண்டு இரவுகள் ஆயின. வணிகர் நேர்மையாளர், அனைவருக்கும் மீதியைக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பைத்தானை ஆக்கியவர்களுக்கும் இவ்விதியில் மனநிறைவு இல்லை. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஒற்றைச் சாய்கோடு இட்டு வகுத்தால் பின்னம் வரும் என்றும், முழு எண் மட்டும் வேண்டுவோர் இரட்டைச் சாய்கோடு இடுக என்றும் மாற்றினர். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020-இன் தொடக்கத்தோடு நின்றது. கோபால் மொழியிலோ, ஒவ்வோர் எண்ணுக்கும் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று முன்னரே எழுதிவைக்கவேண்டும். இளைஞர்கள் அதனை நீட்டி முழக்கும் கிழட்டு மொழி என்று கேலி செய்வதுண்டு. நானும் செய்தவன்தான். மூதாட்டியின் நானூறு கிராமுக்குப் பிறகு அக்கேலியை விட்டுவிட்டேன்.

பின்னம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணவேண்டா. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீளுமன்றோ? அதுபோலவே பத்தில் ஒரு பங்கை ஒன்றும் சுழியுமான இரும முறையில் எழுதினால் அதுவும் முடிவின்றி நீளும். பொறி ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆகையால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. வீட்டில் கணிப்பொறி உள்ளவர்கள் இன்றே செய்து பார்க்கலாம். பணக்கணக்கு எழுதுவோர் இதனை அஞ்சி, ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்களில் வைத்துக்கொண்டு, இறுதியில் மட்டுமே வகுப்பர். இப்போது என் நிரலும் அவ்வாறே செய்கிறது.

தமிழிலேயே நிரல் எழுத முடியாதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியும். முத்து அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் நிரல்மொழியை ஆக்கி, 2009-இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதில் அச்சிடு என்பதற்குப் 'பதிப்பி' என்பது கட்டளை. எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிபந்தனை அமைப்பு. ஆங்கில வழி மொழிகளில் 'இஃப்' என்ற சொல் முதலில் நிற்கும். எழிலில் நிபந்தனை முன்னே வந்து, 'ஆனால்' என்ற சொல் பின்னே நிற்கும். 'எடை பத்துக்கு மேல் ஆனால்' என்று நாம் பேசும் முறையே அது. பிழைப்புக்கு வேறு மொழிகளும் கற்றே ஆகவேண்டும். இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் முதல் நிரலைத் தாய்மொழியில் எழுதிய சிறுவனுக்கு, கணிப்பொறி ஆங்கிலேயரின் மந்திரப்பெட்டி என்ற அச்சம் தோன்றாது.

இங்கு ஒரு வேடிக்கை. எங்கள் ஊர்ப்பெயரைச் சுருக்கிப் 'போடி' என்போம். (வெளியூர்ப் பெண்களிடம் 'எந்த ஊருக்குப் போகிறீர்கள்' என்பதற்கு விடையாக இதனைச் சட்டென்று சொல்லிவிடக் கூடாது.) போடி என்பதில் எத்தனை எழுத்து? இரண்டு என்பீர்கள். யூனிகோடு முறையில் பொறி நான்கு என்கிறது: பகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, டகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'ஏலக்காய்' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து, பொறிக்கு எட்டு. இதை அறியாமல் பெயர்ப்பட்டியை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று கட்டளையிட்டால், ஒருவருடைய பெயரின் புள்ளியோ கொம்போ உதிர்ந்து, அவர் வேறொருவராகிவிடுவார்.

தொழில்வாழ்வைப் பற்றிச் சிறிது. 2008-இல் போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர்கேஜ் வண்டியில்தான் வேலை தேடிப் புறப்பட்டேன். 2010-இன் இறுதியில் பாதையை அகலமாக்குவதற்காக அவ்வண்டி நின்றது. மீண்டும் போடிக்கு ரயில் வந்தது 2023-இல். அதற்குள் நானே திரும்பிவிட்டேன். 2020-இல் நோய்த்தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது ஊருக்கு வந்தவன், இங்கிருந்தே வேலை செய்கிறேன். எங்கள் ஏலமும் இதே வழியில் மாறியதுதான். வாயால் விலை கூறிய முறை போய், 2007-இல் நறுமணப்பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. 2021 முதல் இணைய வழியில், போடியில் அமர்ந்தே கேரளத்துப் புற்றடி ஏலத்திலும் விலை கேட்க இயன்றது.

அயல்நாட்டாரின் பகல் நமக்கு இரவாதலால், நான் கணிப்பொறியை மூடும்போது விடியல் நெருங்கிவிடும். அவ்வேளையில் தெருவில் ஜீப்புகள் கிளம்பும். தோட்டவேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி அமர்ந்திருப்பர். கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாக மேலேறி, மாலையில் இறங்குவர். அவர்கள் பெறும் கூலியையும் நான் பெறும் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க நான் விரும்புவதில்லை.

இப்போது கிட்டங்கிகளுக்கு நிறம் பிரிக்கும் பொறி வந்துவிட்டது. ஒவ்வொரு காயையும் அதன் ஒளிப்படக் கண் நோக்கி, வெளுத்ததைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. நிரல் எழுதும் பொறியும் வந்துவிட்டது. சென்ற ஆண்டு நான் அதனிடம், சிறு விவசாயியின் ஏலக்காய்க் கணக்கை எழுதித் தருமாறு தமிழிலேயே கேட்டேன். நொடியில் எழுதியது, வகுத்தலையும் சரியாகவே செய்தது. சாக்கின் எடையைக் கழிக்கவேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. இதை அன்னையிடம் சொன்னேன். "உன் வேலைக்கும் பொறி வந்துவிட்டதா?" என்று கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. "எங்களுக்கு வந்தபோது, பொறி ஊதித் தள்ளியதில் நல்ல காய் கலந்திருக்கிறதா என்று பார்க்க நாலு பேரை வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள்" என்றார். அந்த நால்வரில் அவர் இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியும்.

மூதாட்டி இன்றும் அக்கடைக்கே காய் கொண்டுவருகிறார். பேரன் வெளியூர் சென்றுவிட்டமையால் சீட்டைப் பேத்தி எழுதுகிறாள். பருவம் முடிந்ததும் நான் அச்சுத்தாளைப் படிப்பேன், அவள் சீட்டைப் படிப்பாள். சென்ற பருவத்தில் ஓர் எடையில் ஐம்பது கிராம் வேறுபட்டது. தவறு சீட்டில்தான், ஐந்தைச் சுழியாக எழுதியிருந்தாள். "இன்னொரு தடவை கூட்டு" என்றார் மூதாட்டி. யாரிடம் சொன்னார் என்று விளங்காமல் நாங்கள் இருவரும் கூட்டினோம்.