20 ஆயிரம் ரூபாய் குட்டியா, தத்தெடுக்கிற தெரு நாயா? 12 வருஷக் கணக்கு போட்டுப் பார்ப்போம்!



"சார், லேப் குட்டி 20 ஆயிரம் சொல்றாங்க. தெருவுல இருந்து காப்பாத்தின குட்டி ஒண்ணு சும்மாவே கிடைக்குது. எது பெஸ்ட்?"

முதல் இன்க்ரிமென்ட் கைக்கு வந்ததும் நம்ம திருநெல்வேலிப் பசங்க பல பேர் மனசுல ஓடுற கேள்வி இது. கேள்வி சரிதான். ஆனா ஒப்பிட்டுப் பார்க்கிற தொகைதான் தப்பு. குட்டியோட விலை இந்தக் கணக்குல ரொம்பச் சின்ன வரி. பெரிய வரி வேற இடத்துல இருக்கு.

முதல்ல மொத்தச் செலவு

நடுத்தர அளவு நாய்னு வெச்சுக்கோங்க. சாப்பாடு, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, தடுப்பூசி, டாக்டர் செலவு எல்லாம் சேர்த்து மாசம் சராசரியா 3,000 ரூபாய். இது உதாரணத்துக்கு நான் போடுற எண். உங்க வீட்டு நிலவரப்படி மாத்திக்கலாம்.

வருஷத்துக்கு 36,000. நாய் 12 வருஷம் இருக்கும்னு எடுத்துக்கிட்டா 4,32,000. விலைவாசி வருஷம் 5% ஏறும்னு சேர்த்தா, மொத்தம் சுமார் 5.73 லட்சம்!

இப்போ முதல் வருஷச் செலவு மட்டும் தனியா:

- பிரீடர் குட்டி: விலை 20,000 + தடுப்பூசி, கருத்தடை 8,000 = 28,000
- தத்தெடுக்கிற நாய்: விலை 0 + தடுப்பூசி, கருத்தடை 8,000 + ஆரம்ப வைத்தியத்துக்கு 5,000 = 13,000

வித்தியாசம் 15,000. அதாவது வெறும் அஞ்சு மாசப் பராமரிப்புச் செலவு. 12 வருஷப் பயணத்துல அஞ்சு மாசம். அதனால "சும்மா கிடைக்குது" என்பது தத்தெடுக்க ஒரு காரணமே இல்லை. "20 ஆயிரம் என்னால கொடுக்க முடியும்" என்பதும் வாங்க ஒரு காரணம் இல்லை.

உண்மையான வித்தியாசம் எங்க வருது?

எந்த இனம் என்பதுல வருது. அடர்த்தியான ரோமம் உள்ள ஹஸ்கியை நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில்ல வளர்க்கணும்னா ஏசி வேணும், ரோமப் பராமரிப்பு வேணும். மாசச் செலவு 3,000-க்குப் பதிலா 5,000 ஆனா, விலைவாசி ஏற்றம் சேர்க்காமலே 12 வருஷத்துல 2,88,000 கூடுதல். குட்டியோட விலையைப் பேரம் பேசி 2,000 குறைச்சதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

நம்ம மண்ணு நாய்கள் இந்த வெயிலுக்குப் பழகினவை. தெரு நாயும் அதுல சேர்த்தி. அப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வாங்கலாமான்னு கேப்பீங்க. 2005-ல ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வந்திருக்கு, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா இதெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனங்கள். தினமும் நல்லா ஓடணும். பாளையங்கோட்டையில ஒத்தை பெட்ரூம் வாடகை வீடு, காலையில ஒன்பது மணிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்புவேன்னா, அந்த நாய்க்கு அது ஜெயில். இன்னொண்ணு, ராஜபாளையம் குட்டிகள்ல பிறவிக் காது கேளாமை இருக்கறதுண்டு. வாங்குறதுக்கு முன்னாடி குட்டிக்குப் பின்னால நின்னு கை தட்டிப் பாருங்க. திரும்பலைன்னா டாக்டர்கிட்ட காட்டாம முடிவு எடுக்காதீங்க.

பிரீடர்கிட்ட வாங்குறீங்களா?

2017-ல வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்றதை ஞாபகம் வெச்சுக்கோங்க:

- பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு செஞ்சிருக்கணும். சான்றிதழைக் கேட்டுப் பாருங்க.
- எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.
- தாய் நாய்க்குக் குறைஞ்சது 18 மாச வயசு ஆகியிருக்கணும். வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல ஈன வைக்கக் கூடாது.

தாயையும் குட்டி வளர்ற இடத்தையும் நேர்ல பார்க்காம ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. "போட்டோ பாருங்க, அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க, பார்சல்ல வந்துரும்"னு சொன்னா அங்கேயே நிறுத்திருங்க. ஏமாந்துட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

தத்தெடுக்கிறீங்களா?

என் ஓட்டு வளர்ந்த நாய்க்கு. ஒன்றரை, ரெண்டு வயசு நாய்னா எவ்வளவு பெருசாகும், குழந்தைகள்கிட்ட எப்படி இருக்கும், தனியா விட்டா குரைக்குமா எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுரும். ஃபைனான்ஸ் பாஷையில சொன்னா, ரிஸ்க் குறைவு. "பதினஞ்சு நாள் வீட்டுல வெச்சுப் பார்க்கிறேன்"னு கேளுங்க. நல்ல தன்னார்வலர்கள் சரின்னுதான் சொல்வாங்க.

சின்னக் குட்டின்னா பார்வோ பயம் இருக்கு. தடுப்பூசி போடாத தாயோட குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். அதனால வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ராமையன்பட்டியில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. தாமிரபரணிக் கரை, வாய்க்கால், வயக்காடுன்னு சுத்துற நாய்னா எலிக்காய்ச்சல் தடுப்பூசியை வருஷா வருஷம் விடாதீங்க. அது மனுஷங்களுக்கும் தொத்துற நோய்.

பழகும்போது கடிச்சாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ரேபிஸ் ஊசி அங்க இலவசம். "சின்னக் கீறல்தானே"ன்னு இருந்துராதீங்க. ரேபிஸ் வந்தபிறகு வைத்தியம் இல்லை.

வரி சலுகை உண்டா சார்?

இல்லை. 80டி-ல நீங்க, வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் மட்டும்தான். நாய் எவ்வளவு செல்லமா இருந்தாலும் வருமான வரித்துறைக்கு அது குடும்ப உறுப்பினர் இல்லை! ஆனா குட்டி விலை மேல யாராவது ஜிஎஸ்டி கேட்டா கொடுக்காதீங்க, உயிருள்ள நாய்க்கு ஜிஎஸ்டி கிடையாது. கால்நடை கிளினிக்கோட வைத்தியச் சேவைக்கும் விலக்கு இருக்கு.

வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி

1. ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்ட் தயாரா? இல்லைன்னா இப்போ எந்த நாயும் வேண்டாம்.
2. மூணு மாசம் ஒத்திகை: மாசம் 3,000 ரூபாயைத் தனி அக்கவுண்ட்ல போட்டு, அதைத் தொடாம இருங்க. கை கடிச்சா அதுதான் உங்களுக்குப் பதில். கடிக்கலைன்னா 9,000 ரூபாய் நாயோட மருத்துவ ஃபண்டா ஆச்சு.
3. வீட்டு ஓனர் சம்மதத்தை அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க. வாய் வார்த்தை செல்லாது.
4. நாளைக்கே சென்னைக்கோ பெங்களூருக்கோ மாத்தல் வந்தா? "அம்மா பாத்துப்பாங்க"ன்னா, அம்மாகிட்ட கேட்டாச்சா? காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வெளிய கூட்டிட்டுப் போகப்போறது அவங்கதான்.
5. கிரெடிட் கார்டு இஎம்ஐ-ல குட்டி வாங்கவே கூடாது.

நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாதவங்க வீட்டு நாய்தான் ஒருநாள் பைபாஸ் ஓரமா நிக்குது. வீட்டுச் சாப்பாட்டுல வளர்ந்த நாய்க்குத் தெருவுல பிழைக்கத் தெரியாது. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியில தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுறது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! உங்களைத் தடுக்க அந்த 50 ரூபாய் போதாது. இந்தக் கணக்கை இன்னைக்கே போட்டுட்டா, அந்த நிலைமையே வராது.

ஃபண்ட் இருக்கு, நேரம் இருக்கு, ஓனர் சம்மதம் இருக்குன்னா, முதல்ல வளர்ந்த தெரு நாய் ஒண்ணைப் போய்ப் பாருங்க. குறிப்பிட்ட இனம்தான் வேணும்னு வலுவான காரணம் இருந்தா, பதிவு பெற்ற பிரீடர்கிட்ட போங்க. இதுல ஏதாவது ஒண்ணு இன்னும் அமையலைன்னா, வாசல்ல வர்ற நாய்க்குத் தினமும் ஒரு பாத்திரம் தண்ணியும், வருஷத்துக்கு ஒரு ரேபிஸ் ஊசியும் பார்த்துக்கோங்க. இப்போதைக்கு உங்க பட்ஜெட்டுக்கு அதுவே நல்ல முதலீடு.