தீப்பட்ட கார் ஷெட்டும் கட்டட விதிகளும்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நகர அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் பகுதியில் தீத்தடுப்புக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. வீட்டார் ஒவ்வொருவரும் நீர்க்குடம், ஏணி, கோடரி, முறம், கொக்கி, தோல்பை இவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். தீப்பற்றிய வீட்டை அணைக்க ஓடிவராத வீட்டுச் சொந்தக்காரனுக்கு 12 பணம், குடியிருப்பவனுக்கு 6 பணம் அபராதம். கட்டட விதி என்றாலே மாநகராட்சிக்காரன் நம்மை அலைக்கழிக்கக் கண்டுபிடித்தது என்று நினைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் வீட்டுத் தீ பக்கத்து வீட்டுக்கும் போகும் என்கிற பழைய அறிவுதான் விதியாக வந்திருக்கிறது.

தலைநகரில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். பழைய காலனிகளில் வீட்டின் பக்கத்திலோ பின்புறத்திலோ கார் ஷெட்டும் அதன் மேல் ஓர் அறையும் இருக்கும். டி.டி.ஏ. குடியிருப்புகளில் ஸ்கூட்டர் கராஜ் உண்டு. அதற்குள் வண்டி மட்டுமா இருக்கிறது? பழைய பேப்பர், கொலுப் பெட்டி, மீந்துபோன பெயிண்ட், கடைச் சரக்கு, இப்போது போதாக்குறைக்கு மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் கார் ஷெட் எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த ஷெட்டின் மேல்தான் எண்பது வயதைத் தாண்டிய பெற்றோரின் படுக்கையறை. வந்து பார்த்த காண்டிராக்டர், "கரியைச் சுரண்டிட்டு, பூசி, பெயிண்ட் அடிச்சாப் போதும் சார், நாலு நாள் வேலை" என்றார். மகனுக்கும் அப்படியே முடித்துவிட ஆசை. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, ஒன்றையும் தொடாமல் இருப்பது. தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் உடனே தகவல் கொடுத்து, சர்வேயர் பார்த்த பிறகுதான் இடிபாட்டை அள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுப் பாலிசியில் கார் ஷெட்டும் வீட்டுக் கட்டடத்தின் பகுதியாகவே சேர்கிறது. இழப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை பொறியாளர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கும், 2 சதவீதம் வரை இடிபாடு அகற்றவும் அதில் இடமுண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. எரிந்த வண்டிக்கு வண்டியின் பாலிசியில்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கட்டடத்தின் உறுதி. கான்கிரீட் எரியாது, ஆனால் சூட்டில் கெடும். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலவகை ஜல்லி போட்ட கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். பலம் குறையத் தொடங்குவதும் அந்தச் சூட்டில்தான். 600 டிகிரிக்கு மேல் வெளுத்துச் சாம்பல் நிறமாகும், பொரிந்து உதிரும். உள்ளே இருக்கும் கம்பி 550, 600 டிகிரி வாக்கில் ஏறக்குறைய பாதி பலத்தை இழக்கும். சாதாரணக் கம்பி ஆறிய பின் பெரும்பாலும் பழைய பலத்துக்குத் திரும்பும். பழைய வீடுகளில் போட்ட டார் ஸ்டீல் எனும் முறுக்குக் கம்பி அவ்வளவு சூடுபட்டால் முழுப் பலத்துக்குத் திரும்பாது. பூச்சு வேலை இதையெல்லாம் கண்ணுக்கு மறைத்துவிடும், பலத்தைத் திருப்பிக் கொடுக்காது. டெல்லியோ நிலநடுக்க அபாயம் மிகுந்த ஊர். ஆகவே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, சுத்தியல் தட்டிப் பார்ப்பது, மீயொலிச் சோதனை, தேவைப்பட்டால் கான்கிரீட்டில் குழாய் போலத் துளைத்து எடுத்து உடைத்துப் பார்ப்பது என்று சோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். நான் சொன்ன வீட்டில் தளத்தின் ஒரு பகுதி இளஞ்சிவப்பாகிக் கம்பி தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியை இடித்துப் புதிதாகப் போட்டார்கள். அதுவரை பெரியவர்கள் முன்னறையில் படுத்தார்கள்.

மூன்றாவது, அனுமதி. 2016-இல் வந்த டெல்லி ஒருங்கிணைந்த கட்டடத் துணைவிதிகளில், அனுமதி வாங்காமலே செய்யக்கூடிய வேலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. புயல், மழை, தீ, நிலநடுக்கம் இவற்றால் சேதமான பகுதியைத் திரும்பக் கட்டுவதும் அதில் ஒன்று. ஆனால் மூன்று நிபந்தனை: சேதத்துக்கு முன் இருந்த அளவுக்கு மிகக்கூடாது; அனுமதி பெற்ற பிளானின்படி இருக்க வேண்டும்; பயன்பாடு மாஸ்டர் பிளானுக்கு ஒத்துப்போக வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பிளானில் 'கராஜ்' என்று இருக்கும், நடைமுறையில் சரக்கு அறையாகவோ வாடகை அறையாகவோ மாறியிருக்கும். "இருபது வருஷமா இப்படித்தானே இருக்கு" என்ற வாதம் இந்தச் சலுகைக்குள் வராது. ஷெட்டை இரண்டடி நீட்டினாலோ, மேலே இன்னொரு அறை ஏற்றினாலோ அது புதுக் கட்டடம், அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

மற்ற ஊர்களில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுக்குப் பொதுவாக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-இல் முதலில் வந்து 1983, 2005, 2016 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. ஆனால் அது வழிகாட்டிதான். மாநிலமோ மாநகராட்சியோ தன் விதியில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டாயமாகும். கட்டட ஒழுங்குமுறையும் தீயணைப்பும் அரசியல் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையில் நகராட்சிப் பொறுப்புகளாகச் சொல்லப்பட்டவை. எனவே மும்பையின் விதி கொல்கத்தாவுக்கு ஆகாது. உங்கள் ஊர் விதியைப் பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டிடம் கேட்டு, அனுமதி தேவையா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கட்டும் முறை. அனுமதி வேண்டாம் என்றாலும் தரம் வேண்டும். இந்தியத் தரம் 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு மணி நேரம் தீயைத் தாங்கக் கான்கிரீட் தளம் குறைந்தது 95 மில்லிமீட்டர் கனமும், கம்பிக்குக் கீழ் 20 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு 125 மில்லிமீட்டர் கனம்; இருபுறமும் வெறுமனே தாங்கிய தளமானால் 35 மில்லிமீட்டர் மூடல். மேலே ஆள் படுக்கும் அறை இருந்தால் இரண்டு மணி நேரத்தைக் கேளுங்கள். கம்பிக்குக் கீழே கவர் பிளாக் வைக்கிறார்களா என்று கான்கிரீட் போடுமுன் நாமே நின்று பார்க்க வேண்டும். பிளைவுட் தடுப்பு, தெர்மோகோல் கூரை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். ஆதலால் காற்றுத் துவாரம் மேலே மட்டும் இல்லாமல் கீழேயும் வேண்டும். வீட்டுக்குள் போகும் கதவு கனமானதாக, தானே சாத்திக்கொள்வதாக இருக்கட்டும்.

ஒயரிங்கைப் பழையதோடு ஒட்டுப்போடாமல் முழுக்க மாற்ற வேண்டும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பான் வேண்டும். மின்வண்டிச் சார்ஜருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பவுடர் கருவி மேல் சுவாலையைத்தான் அணைக்கும். உள்ளே சூடு தணிய நிறையத் தண்ணீர் வேண்டும். அதனால் வெளியேறிவிட்டு 101-க்கோ 112-க்கோ போன் செய்வதே புத்தி.

கடைசியாக, சேமிப்பு. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் கண்ணாடி, பீங்கான் பாத்திரமானால் 1 லிட்டருக்கும், உலோகக் கேனானால் 25 லிட்டருக்கும் மிகாமல், இறுக மூடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சரக்கு கடையில் இருக்கட்டும், வீட்டுக் கார் ஷெட்டில் வேண்டாம். வைத்திருப்பதைக் குறைத்தால் தீக்குத் தீனியும் குறையும், இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வியும் குறையும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு காகிதம், உங்கள் வீட்டின் அனுமதி பெற்ற பிளான். அந்தக் குடும்பத்திடம் அது இருந்தது, இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. உங்கள் பிளான் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மாநகராட்சியில் நகலுக்கு மனுப் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ கொடுத்து வையுங்கள்.